மிலெம்பேயின் ஊதாக் காகிதம்

மிலெம்பே மேல் எனக்குப் பதினொரு வருஷமாக ஒரு கோபம் உண்டு. அவளிடம் அதைச் சொல்ல முடியாமல் வைத்திருந்தேன். பயந்து இல்லை. எங்கள் வழக்கம் அப்படி.

நான் ஸராமோ, கடற்கரைப் பக்கத்து ஆள். அவள் சுகுமா, ஏரிப் பக்கத்து மாட்டுக்காரர் வீட்டுப் பெண். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உதானி இருக்கிறது. தாத்தா காலத்துக்கும் முந்தைய கேலி உறவு. அவள் என் தாடியைப் பிடித்து இழுக்கலாம். என் பெண்டாட்டி எதிரிலேயே என்னைச் சோம்பேறி என்று ஏசலாம். என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத் தரலாம். எனக்கும் அவளிடம் அதே உரிமை. ஆனால் யார் கோபித்துக்கொள்கிறாரோ அவர் தோற்றவர். ஒரு கோழி தண்டம். கோழி போனால் போகட்டும், பார்க்கிறவனெல்லாம் சிரிப்பானே, அதைத்தான் தாங்க முடியாது.

அதனால் பல்லைக் காட்டிக்கொண்டே பதினொரு வருஷம் ஓட்டினேன். இந்த மழைக்காலத்தில் அவளைப் புதைத்துவிட்டோம். இனிமேல் எழுதலாம்.

முவான்சாவில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மீன் ஆலை. அதில் கழுவும் ஆட்களுக்கு நான் மேஸ்திரி. காலையில் படகுகளில் ஐஸ் போட்டு சங்காரா மீன் வந்து இறங்கும். ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்கும் பாரம். நாற்பது பெண்கள் மேசை மேசையாக நின்று அறுப்பார்கள். தோல் உரித்து, முள் எடுத்து, பெட்டியில் அடுக்கினால் அது வெள்ளைக்காரர் நாட்டுக்கு விமானம் ஏறிவிடும். தலையும் முள்ளும் எங்கள் சந்தைக்கு வரும். பிற்பகல் மூன்று மணிக்கு அறுப்பு முடிந்ததும் ஆலை எங்கள் கைக்கு வரும். பித்துரோவும் நானும் இன்னும் நாலு பேரும் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயும் பிரஷ்ஷுமாக இறங்குவோம். கடைசியில் குளோரின் தண்ணீர். வெள்ளைப் பொடியை வாளியில் கரைத்து மேசை மேல் ஊற்றுவது. அளவு என்ன என்று கேட்டால் என் கையைக் காட்டுவேன். சரியாக இருக்கிறதா என்று கேட்டால் மூக்கைக் காட்டுவேன். கண் எரிந்தால் சுத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

ஒருநாள் காலை வாசலில் இருக்கும் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: மேசை நான்கு. கோண்டோ. கழுவவில்லை.

கோண்டோ நான்தான்.

உள்ளே போகிற நாற்பது பெண்களும் நின்று படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அதற்கு ஒரு பாட்டு வந்துவிட்டது. சாயங்காலம் எனக்குப் பெயரே மாறிவிட்டது. "நாலாம் மேசை, சாப்பிட்டீங்களா?" "நாலாம் மேசை, வீட்டுல சட்டியாவது கழுவுவீங்களா?" என் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பெயர் போயிற்று.

நான் கழுவியிருந்தேன். அதுதான் என் கோபம். மற்ற மேசைகளை ஆட்களிடம் விட்டுவிட்டு நாலாவதை என் கையால், நாலு கைப்பிடி பொடி போட்டுக் கழுவியிருந்தேன்.

எழுதியவள் மிலெம்பே. அவளும் மேசையிலிருந்து வந்தவள்தான். ஏழு வருஷம் மீன் அறுத்தாள். இடது கட்டைவிரலில் கத்தி இறங்கி, நரம்பு போய், விரல் மடங்காமல் நின்றுவிட்டது. கத்தி பிடிக்க லாயக்கில்லை என்று பரிசோதனை அறைக்குத் தட்டு கழுவ அனுப்பினார்கள். தட்டுக் கழுவிக்கொண்டே அங்கிருந்த படித்த பையன் செய்ததையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டாள். அவன் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போனபோது அந்த அறையில் வேலை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பஞ்சுக் குச்சியால் மேசையைத் துடைப்பாள். கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி ஒன்று இருக்கும், அதன் மேல் தேய்ப்பாள். உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் இரண்டு நாள் வைப்பாள். எடுத்தால் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியின் குடும்பம் என்பாள். பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள்.

நான் நேரே அவள் அறைக்குப் போனேன். முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டுதான் போனேன்.

"ஏ மாட்டுக்காரி, கழுவலன்னு எழுதியிருக்கியே. என் கையால கழுவினேன்டி."

"கடற்கரைக்காரன் கையா? அது மடியில கிடக்கிற கை ஆச்சே. எப்போ எழுந்துச்சு?"

"நாலு கைப்பிடி பொடி போட்டேன். பித்துரோவைக் கேளு. கண்ணுல தண்ணி கொட்டிச்சு, மூக்கு எரிஞ்சுது. அதுக்கு அப்புறமும் எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

"உன் மூக்கு எரிஞ்சா அதுக்கு என்ன? கிருமிக்கு மூக்கு இருக்கா?"

வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். உதானி நடக்கும் இடத்தில் கூட்டம் சேராமல் இருக்காது.

மிலெம்பே இரண்டு வாளி எடுத்தாள். ஒன்றில் நல்ல தண்ணீர், அதில் ஒரு கரண்டி பொடி. இன்னொன்றில் மேசைக்கு அடியிலிருந்து வழித்த மீன் வழும்பும் ரத்தமும் கலந்த தண்ணீர், அதில் நாலு கரண்டி. கலக்கிவிட்டு, "மோந்து பாரு" என்றாள். நல்ல தண்ணீரில் வாடை லேசாக இருந்தது. வழும்புத் தண்ணீர் மூக்கைப் பிடுங்கியது.

"எது சுத்தம் பண்ணும்?"

"இது" என்று வழும்பு வாளியைக் காட்டினேன்.

அவள் ஒரு சின்ன டப்பியிலிருந்து இரண்டு காகிதத் துண்டு எடுத்தாள். ஒன்றை நல்ல தண்ணீரில் நனைத்தாள். காகிதம் ஊதா நிறமாக மாறியது. இன்னொன்றை வழும்புத் தண்ணீரில் நனைத்தாள். அது வெள்ளையாகவே நின்றது. குலுக்கினாள், திருப்பினாள், மறுபடி நனைத்தாள். வெள்ளைதான்.

"மருந்து முழுக்க அழுக்கோட சண்டை போட்டுச் செத்துப் போச்சு. நீ மோந்து பார்த்தது பொணத்தை. கிருமி கிட்டப் போக ஒரு சொட்டு மிச்சமில்லை. முதல்ல வழும்பு போகணும். அப்புறம் சோப்பு. சோப்பு போகணும். அப்புறம்தான் பொடி, அளந்து. ஊத்தினதும் ஓடிடாதே, பத்து நிமிஷம் நிக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை எப்படி ஒத்துக்கொள்வது, அதுவும் இரண்டு பெண்கள் பார்க்க?

"உன் காகிதமும் சுகுமா சாதிதான். உனக்குத்தான் சாட்சி சொல்லும்" என்றேன். வாசலில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் சொன்னபடியே கழுவினேன். பலகையில் என் பெயர் திரும்ப வரவில்லை. ஆனால் நாலாம் மேசை என்ற பெயர் போகவும் இல்லை. ஒரு தடவை வந்து, "கோண்டோ கழுவினான், ஆனா போதலை" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து நீலப் பீப்பாய்களில் ஒரு புது மருந்து வந்தது. கழுத்தில் டை கட்டிய ஒருவர் கூட வந்தார். புளித்த காடி வாடை. குளோரினைவிட நூறு மடங்கு நல்லது, கழுவியதும் தண்ணீராகவே போய்விடும், மீனில் ருசி தங்காது என்று அடுக்கினார். எங்கள் மானேஜர் ருவெகசீரா புகோபா ஊர்க்காரர். அவித்து உலர்த்திய காப்பிக்கொட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டேதான் பேசுவார்.

"மிலெம்பே, வெளிநாட்டுல இருந்து மீன் வாங்குறவங்க வர்றாங்க. ரெண்டு வாரத்துல எனக்கு முடிவு வேணும். இது கொல்லுதா, இல்லையா? அது ஒண்ணைச் சொன்னாப் போதும்."

"அது பாதிக் கேள்விதான் சார்."

"மீதிப் பாதி என்ன?"

"யாரை எல்லாம்ங்கிறது."

அவர் கொட்டையைத் துப்பிவிட்டுப் போனார்.

அவள் சோதித்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேசைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தாள். ஒரு பாதிக்கு வெள்ளை, மறு பாதிக்கு நீலம். அடுத்த வாரம் மாற்றினாள், நல்ல மேசைக்கு நல்ல மருந்து போய்விட்டது என்று யாரும் சொல்லக் கூடாதாம். கத்திக் கீறல் விழுந்த பலகையில் தனியாகத் துடைத்தாள். வழும்பு இருக்கும்போது ஒரு தடவை, போன பிறகு ஒரு தடவை. ஒரு நோட்டு வைத்திருந்தாள். இடது பக்கத்தில் புள்ளிகள். வலது பக்கத்தில் நாங்கள்.

ஆமாம், நாங்கள். தினமும் வேலை முடிந்ததும் ஆறு பேரையும் கை நீட்டச் சொல்லுவாள். விரல் இடுக்கு வரை விரித்துப் பார்ப்பாள். யார் இருமினது, எத்தனை தடவை, யாருக்குக் கண் சிவந்தது, யார் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காமல் படுத்தது என்று கேட்டு எழுதுவாள். ஒருநாள் பித்துரோ கையுறை கிழிந்ததைக் கவனிக்காமல் பீப்பாய் மூடியைத் திறந்தான். சொட்டு பட்ட இடம் தோல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிற்று. அதையும் படம் வரைந்து வைத்தாள்.

"எங்களையும் தட்டுல போட்டு பொட்டிக்குள்ள வச்சுடுவியா?" என்று கேட்டேன்.

"உன்னை வச்சா பொட்டி நாறிப்போகும்" என்றாள்.

நீலம் நன்றாகத்தான் கொன்றது. வெள்ளைப் பொடி பத்துப் புள்ளி விட்ட கீறலில் நீலம் ஒன்றிரண்டு விட்டது. அளவோடு தண்ணீர் கலந்தால் கையையும் ஒன்றும் செய்யவில்லை. முடிவு நீலத்துக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை குழாயடியில் உட்கார்ந்திருந்தோம். உலர்த்தின சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள், சுகுமா வீட்டுப் பண்டம். நாங்கள் பிடுங்கிப் பிடுங்கித் தின்றோம்.

"கோண்டோ, தாடி நரைக்கலைன்னு பெருமை அடிச்சுக்கிறியே. அந்த நீலப் பீப்பா மேல குனிஞ்சே, அப்படியே வெளுத்துப் போகும். உன் பொண்டாட்டி மாமனார் வந்துட்டாருன்னு பாய் விரிப்பா."

எல்லோரும் சிரித்தோம்.

"இன்னொண்ணும் கேளு. நீலத்தையும் வெள்ளைப் பொடியையும் ஒரே பாயில படுக்கப் போட்டுடாதே. அதுக ரெண்டும் கூடினா பிறக்கிற பிள்ளை உன்னை முழுங்கிடும்."

"சுகுமாவும் ஸராமோவும் கூடினாப் பிறக்கிற மாதிரியா?"

"அதைவிட மோசம். அது உன்னை மாதிரி சோம்பேறியா இருக்காது, பிறந்த உடனே வேலையைக் காட்டும்."

பித்துரோவுக்குச் சிரிப்பில் கிழங்கு புரையேறியது. நான் பதிலுக்கு அவள் அப்பனின் மாடுகளை இழுத்தேன். பேச்சு மாடுகளோடு போய்விட்டது. அதுதான் எச்சரிக்கை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லப்படவில்லை. சொன்னவள் சொல்லிவிட்டதாக நினைத்தாள். கேட்டவன் சிரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை, சோதனையின் கடைசி நாள். அந்த வாரம் நாலாம் மேசை வெள்ளைப் பொடியின் பக்கம். அன்றைக்கு எடுக்கிற தட்டைத்தான் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டப் போகிறார்கள். நாலாம் மேசையில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று எனக்கு வெறி. ஒரே ஒரு தடவை அந்தப் பலகையில் என் பெயருக்கு எதிரே பூஜ்யம் இருக்கட்டும். வெள்ளை நல்லது, நீலம் அதைவிட நல்லது, அப்படியானால் இரண்டும் சேர்ந்தால்? யாரும் சொல்லித் தரவில்லை. என் சொந்த மூளை.

மருந்து கலக்கும் அறை சின்னது, ஜன்னல் கிடையாது. பித்துரோ நீலத்தை அளந்த ஜாடியின் அடியில் அரைக் குவளை அப்படியே இருந்தது. அதில் இரண்டு கரண்டி வெள்ளைப் பொடியைப் போட்டேன்.

காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விட்டது போலச் சீறியது. ஜாடி கையில் சுட்டது. மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழும்பியது. அதை வாடை என்று சொல்ல மாட்டேன். யாரோ நெஞ்சுக்குள் கையை விட்டு முறுக்கினது போல இருந்தது. ஜாடியைக் கீழே விட்டேன். பித்துரோ எனக்குப் பின்னால், சுவரோரம், பீப்பாயை மூடிக்கொண்டு இருந்தான். கதவு என் பக்கம் இருந்தது.

ஓடினேன்.

மிலெம்பே பஞ்சுக் குச்சிகளோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். தோளில் கிடந்த துணியைத் தொட்டித் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஜாடியை எட்டி வெளியே உதைத்தாள். பித்துரோ விழுந்து கிடந்தான். அவன் பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கட்டைவிரல் மடங்காதே, பிடி நழுவியது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்தாள். நான் கழுவும் கூடத்துக்கு வெளியே மாமரத்தடியில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பித்துரோ ஒரு வாரம் படுத்தான். நான் இரண்டு நாள். அவள் ஒரு மாதம். திரும்பி வந்தபோது, மாடிப்படி நாலு ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள்.

விசாரணை வைத்தார்கள். ருவெகசீராவும் தலைநகரிலிருந்து வந்த இரண்டு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: இரண்டையும் கலக்கக் கூடாது என்று அவள் சொன்னாளா? சொன்னாள் என்றால் என் வேலை போகும். சொல்லவில்லை என்றால் அவள் வேலை போகும், சோதனைக்கு முன்னால் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் ஒரு ஆளின் மூளை வேலை செய்கிறது.

"சொன்னா சார். ஆனா அது உதானி. கிழங்கு தின்னுக்கிட்டு, என் தாடியைக் கிண்டல் பண்ணிக்கிட்டுச் சொன்னா. உதானியில சொன்னதை எந்தப் பெரியவரும் பஞ்சாயத்துக்கு எடுக்கிறதில்லை."

பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் நிஜம். அதனால்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவளைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது. காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கோண்டோ சொன்னது சரி" என்றாள். மூச்சு விட்டு, மறுபடி, "மருந்தை அறுநூறு தட்டுல சோதிச்சேன் சார். நான் சொன்ன சொல்லு அவங்க காதுல ஒட்டிச்சான்னு ஒரு தடவைகூடச் சோதிக்கலை. அது என் வேலை."

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதையே எழுதினாள். அதைப் பிறகு நான் படித்தேன், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். இந்த மருந்து கொல்கிறது. அளவு மீறாவிட்டால் கையைக் கெடுப்பதில்லை. ஆனால் இந்த ஆலையில் இது இன்னும் பாதுகாப்பானது இல்லை. இதைப் பற்றிய எச்சரிக்கை ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. சேர்க்க வேண்டியவளின் தவறு.

"அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடு. வாங்குறவங்க பார்ப்பாங்க" என்றார் ருவெகசீரா.

"எடுத்தா மத்த பக்கமும் பொய்யாயிடும் சார்."

பக்கத்தை அவரே எடுத்துக்கொண்டார். அவளைத் திரும்ப அறுப்பு மேசைக்கு அனுப்பினார். மடங்காத கட்டைவிரலோடு, வாங்குகிற மூச்சோடு, ஒரு வருஷம் மீன் அறுத்தாள். எனக்கு மேஸ்திரி வேலை அப்படியே இருந்தது.

அந்த ஒரு வருஷமும் நான் அவள் மேசையைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் கத்தியைக் கீழே வைப்பாள். ஈரக் கையை நெஞ்சில் வைத்து, "இது உதானி இல்லை" என்பாள். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இருக்காது.

"நீலம் எங்கே?"

"கிழக்கு ரூம்ல."

"வெள்ளை?"

"மேற்கு ரூம்ல."

"ஒரு ஜாடியில அளக்கலாமா?"

"கூடாது. நீலத்துக்கு நீல ஜாடி, வெள்ளைக்கு வெள்ளை ஜாடி. கழுவினாலும் மாத்தக் கூடாது."

"ஏன்?"

"புகை வரும். ஆளு சாவான்."

"சரி, போ. நடையைப் பாரு, வாத்து மாதிரி."

அந்த இரண்டு அறையும் இரண்டு ஜாடியும் அவள் சொல்லி நான் செய்தவை. மானேஜரைக் கேட்கவில்லை. என் ஆட்கள் ஐந்து பேரையும் அப்படியே தினமும் கேட்டேன். புதிதாக ஒருவன் வந்தால் முதலில் கேட்பது அதுதான். மறு வருஷம் வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கழுவும் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார். ஆறு பேரும் ஒரே மாதிரி ஒப்பித்தோம். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்றார். மீன் அறுக்கிற ஒருத்தி என்றோம். அடுத்த வாரம் மிலெம்பே அவள் அறைக்குத் திரும்பினாள். ஏழு வருஷம் அங்கே இருந்தாள், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் குறைந்த மூச்சோடு. டாக்டர்கள் அவள் நெஞ்சுக்கு வேறு பெயர் வைத்தார்கள், அடுப்புக்கரிப் புகை என்றும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பெயர் எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு கரும்பலகைக் கோபம் ஏன் போகவில்லை என்று கேட்டால், ஒன்றுதான் சொல்ல முடியும். ராத்திரி பகல் எந்நேரமும் அந்தக் கதவு ஞாபகம் வரும். கதவு வந்ததும் நான் கரும்பலகையைப் பிடித்துக்கொள்வேன். அவள் எனக்குச் செய்தது என்று ஒன்று இருந்தால்தானே என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியும்.

இந்த மழைக்காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் பால் தேநீரும், என் மனைவி சுட்ட அரிசி அப்பமும் எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலோரக் கட்டில். கழுத்து எலும்பு தெரிந்தது. நாக்கு மட்டும் பழைய நாக்கு.

"வந்துட்டான் கடற்கரைத் திருடன். கட்டிலுக்கு அடியில என்ன கிடைக்கும்னு பார்க்கிறியா?"

"உன்கிட்ட என்ன இருக்கப் போகுது, சாணி."

சிரித்தாள், இருமினாள், இருமல் நிற்க நேரமாயிற்று. பிடித்து உட்கார வைத்தேன். என்ன தோன்றிற்றோ, சொல்லிவிட்டேன்.

"கழுவலன்னு எழுதினே மிலெம்பே. நான் கழுவினேன்."

"எதை?"

"நாலாம் மேசையை."

என்னையே பார்த்தாள். "பதினோரு வருஷமாவா?"

"ஆமா."

"கோவமா?"

"கோவம்தான்."

"ஒரு கோழி" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "கழுவினான், போதலைன்னு எழுதியிருக்கணும். நீ சொல்றது சரிதான். பலகையில இடம் இல்லை."

அப்போதுதான் மற்றதும் வாயில் வந்தது. "அன்னைக்கு நான் ஓடிட்டேன்."

"தெரியுமே. என்னை இடிச்சுத் தள்ளிட்டுத்தானே ஓடினே. தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது." அப்பத்தை எடுத்து ஒரு கடி கடித்தாள். "சர்க்கரை கம்மி. உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு."

ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு பெண் வாளியும் துடைப்பமுமாகத் தரை துடைத்துக்கொண்டு வந்தாள். குளோரின் வாடை அறை முழுக்க ஏறியது. பக்கத்துக் கட்டில் கிழவர், "இன்னைக்கு நல்லா மருந்து போட்டிருக்காங்கப்பா, கண்ணே எரியுது" என்று சந்தோஷப்பட்டார். மிலெம்பே சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் கண் வாளியின் மேலேயே இருந்தது. மூன்று அறைத் தரையின் அழுக்கு, தண்ணீர் சாம்பல் நிறம். பெண் பக்கத்து அறைக்குப் போகத் துடைப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மிலெம்பே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்தச் சின்ன டப்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வேறு எதையும் கொண்டுவராதவள் அதைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"விட்டுப் பாரு."

எழுந்து போய், அந்தப் பெண் விழிக்க விழிக்க, காகிதத்தை வாளியில் நனைத்தேன். குலுக்கினேன், திருப்பினேன், மறுபடி நனைத்தேன். கொண்டுவந்து காட்டினேன். வெள்ளையாகவே இருந்தது.

"பக்கத்து ரூம்ல வயித்துப்போக்குக் குழந்தைங்க" என்றாள். "போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. முதல்ல அழுக்கு, அப்புறம் புதுத் தண்ணி, அப்புறம் அளந்து மருந்து. ஒவ்வொரு ரூமுக்கும் தண்ணி மாத்தணும்."

"நானா? நாலாம் மேசையா?"

அவள் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தாள்.

"இது உதானி இல்லை கோண்டோ. அவ பேச்சைப் பார்த்தா எங்க பக்கத்துப் பொண்ணு. நீ பல்லைக் காட்டினா அவளும் காட்டுவா, பேச்சு மாட்டுப் பின்னால போயிடும். சிரிக்காம சொல்லு. சொன்னதும் விட்டுட்டு ஓடி வந்துடாதே. அவ வாயால உனக்குத் திருப்பிச் சொல்லணும். அதைக் கேட்டுட்டு வா."